குறுக்குத்துறைக் கரை வடிவமைப்பு: வெள்ள விவரமும் பழைய படங்களும் தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். நிலத்தோற்ற வடிவமைப்பு பயிலும் மாணவியான நான், இறுதியாண்டுத் திட்டத்துக்காகத் திருநெல்வேலியில் தாமிரபரணியின் குறுக்குத்துறைக் கரையை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆற்றுக்குள்ளேயே நிற்கும் முருகன் கோயில், கல் மண்டபங்கள், மருத மரங்கள், நீராட வரும் மக்கள் என எல்லாவற்றுக்கும் இடம் தர வேண்டிய கரை அது.

வெள்ளத்தில் மூழ்கி எழுவது அக்கோயிலுக்குப் பழக்கமானது. நீர் ஏறும்போது உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுசென்று, வடிந்தபின் மீண்டும் எழுந்தருளச் செய்யும் வழக்கமே இருக்கிறது. ஆகவே, 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும் கரையைக் கான்கிரீட் சுவரால் அடைத்து, அதன்மேல் நடைபாதையும் விளக்குகளும் அமைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சுவர் எழுந்தால் நாணலும் மருதக் கன்றுகளும் வேர்பிடிக்க மண் இராது. இரவெல்லாம் எரியும் வெளிச்சம் பறவைகளைக் கலைத்துவிடும். கடை, கழிப்பறை, வாகன நிறுத்தம் ஆகியவற்றை வெள்ளம் எட்டாத மேட்டில் வைத்து, பயணிகளைக் கரைவரை நடந்து வரச் செய்யலாம் என்று கருதுகிறேன்.

1992, 2023 வெள்ளங்களில் நீர் எதுவரை ஏறியது என்று நேரில் பார்த்தவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள். படித்துறையின் பழைய நிழற்படங்கள் இருந்தால் பகிருங்கள். கல் மண்டபங்களைச் சுண்ணாம்புக் காரையால் பழுதுபார்த்த அனுபவமுள்ளவர்களிடம், அது நீரில் மூழ்கினால் எத்தனை ஆண்டுகள் தாங்கும் என்பதையும் கேட்க விரும்புகிறேன். நீராடியபின் ஆற்றில் விடப்படும் துணிகளைத் தடுக்க வேறு ஊர்களில் பலன் தந்த ஏற்பாடு ஏதேனும் உண்டா?