கெம்பஸ்ல ஓடினவன் கோச் ஆகலாமா?

கல்லடிப் பொடியன்: அண்ணாமார், நான் கெம்பஸ்ல 5000, 10000 மீட்டர் ஓடினவன், இப்ப ஏழெட்டுப் பொடியனுகள வெள்ளாப்பில கல்லடி கடற்கரை மணலுக்குள்ள ஓட விடுறன், அதுல ரெண்டு பேர் கெண்டைக்கால் நோகுது எண்டு நிண்டுட்டானுகள். நான் பழக்குறது பிழையா?

பழைய ஓட்டக்காரன்: ஓம் தம்பி. புழுதி மணல்ல குதி தாழும், கெண்டைக்காலும் குதிநரம்பும் இழுபடும். கிழமைக்கு ஒருக்கா போதும், அதும் அலை நனைச்ச இறுகின மணல்ல. மிச்ச நாள் ரோட்டுல, கதைச்சிக்கிட்டே ஓடுற வேகம்தான்.

ஆரையம்பதி: அலைப்பக்கம் சரிவு, பாதில கிறுகி வரச் சொல்லுங்க, இல்லாட்டி ஒத்தக்கால்லதான் பாரம்.

வாகரை அக்கா: நம்மட வேகத்த பிள்ளைகள்ல திணிக்கப்படா, நான் அப்படி ஒரு பிள்ளைட சீசனையே கெடுத்தன். சாப்பிட்டா வாறானுகள்?

கல்லடிப் பொடியன்: இப்பதான் கேட்டன் அக்கா, ஒருத்தன் வெறும் பிளேன்டீயாம்.