மறு: பீப்பாவில் வைத்த பார்லிவைனுக்கு என்ன சொல்?

அருஞ்சொல் பட்டியல் தொகுக்கும் குழுவினருக்கு வணக்கம்.

கொழும்புத் தங்கச்சி கேட்டது சின்ன விஷயம். நுவரெலியாவில் ஒரு விடுதி தன் சுவைப்பு அட்டையை மூன்று மொழியிலும் அச்சிடுகிறது. அதில் ஓக் பீப்பாவில் மாதக்கணக்கில் கிடந்த பார்லிவைன் என்ற கடும் பியர் ஒன்று இருக்கிறது, தமிழில் எப்படி எழுதுவது என்றார். அதற்குள் மடலிழை வாற்கோதுமையில் (பார்லியின் தமிழ்ப் பெயர்) ஏறிச் சோமபானம் வரைக்கும் போய்விட்டது. கொஞ்சம் கீழே இறக்கிப் பார்க்கிறேன்.

> வாற்கோதுமைத் திராட்சமது என்பது என் பரிந்துரை.

வவுனியா ஐயா கோபிக்கக் கூடாது, இதில் திராட்சை ஒரு துளியும் இல்லை. பார்லிவைன் முழுக்க முழுக்க பியர்தான். சாதாரண பியரில் மதுசாரம் 5 சதவீதம் என்றால் இதில் 8 முதல் 12 வரை போகும். வைனுக்குக் கிட்ட வந்துவிட்டது என்பதால் ஆங்கிலேயர் அந்தப் பெயரை ஒட்டிவிட்டார்கள். அமெரிக்காவில் வாங்குகிறவர் குழம்பக் கூடாதென்று போத்தலில் 'பார்லிவைன் வகை ஏல்' (ஏல் பியரில் ஒரு வகை) என்று அச்சிட வேண்டியிருக்கிறது. அவர்கள் ஊரிலேயே விளக்கம் கேட்கும் பெயரை நாம் அப்படியே பெயர்த்தால் குழப்பமும் கூடவே வரும். விஸ்கி, பிரண்டி, ஜின் எல்லாம் தமிழில் அப்படியேதானே இருக்கின்றன? பார்லிவைன் என்றே இருக்கட்டும். வாற்கோதுமையும் வேண்டாம். காய்ச்சலில் கிடந்தவருக்குப் பார்லித் தண்ணீர் வைத்துக் கொடுத்த எந்த வீட்டிலும் பார்லி தெரியும்.

பெயரை விட்டுவிடலாம். செய்முறைக்குத்தான் சொல் வேண்டும், அதில்தான் நமக்கு வேலை இருக்கிறது.

முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் முதலில் கெட்டியான இனிப்புச் சாறு இறங்கும். தேங்காயைப் பிழிந்தால் வரும் முதற்பால் போல. பழைய ஆங்கில முறையில் அந்த முதற்சாற்றை மட்டும் தனியே காய்ச்சிக் கடும் பியர் செய்வார்கள். மிச்சத்தில் திரும்பவும் வெந்நீர் ஊற்றி இறக்கியது மெலிந்த பியராகும். தண்ணீரின் அடர்த்தி 1.000 என்றால் பார்லிவைனுக்கான சாறு 1.080க்கு மேல், சிலவற்றில் 1.120 வரைக்கும் இருக்கும். மதுவம் (ஈஸ்ட்) அவ்வளவு சர்க்கரையையும் தின்று தீர்க்காது. அதனால்தான் மதுசாரமும் ஏறுகிறது, இனிப்பும் மிஞ்சுகிறது. 'முதற்சாறு' என்ற சொல்லை இங்கேயே பதிந்துவிடலாம், யாருக்கும் ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன்.

இப்போது பீப்பா. போத்துக்கீசர் விட்டுப்போன சொல், தவறணை (மதுக்கடை) மாதிரி. 'பரல்' என்று எழுதலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். பத்திரிகையில் 'கோடா பரல்கள் கைப்பற்றப்பட்டன' என்று வாசித்துப் பழகிய நமக்குப் பரல் என்றால் கசிப்பு என்னும் கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர் கோடாவை, அதாவது வடிக்குமுன் உள்ள கலவையை, ஊற்றிப் புதருக்குள் ஒளித்து வைக்கும் பிளாஸ்டிக் பீப்பாய்தான் கண்ணில் நிற்கும். விடுதிக்காரர் பாவம்.

ஓக் மரத்தை விவிலியத் தமிழில் கர்வாலி என்பார்கள். அழகான சொல்தான், ஆனால் அட்டையில் ஓக் போதும். இந்தப் பீப்பாக்களில் பெரும்பாலானவை அமெரிக்க போர்பன் விஸ்கி கிடந்தவை. போர்பனைப் புதிதாகச் செய்து உள்ளே கருக்கிய ஓக் கலனில்தான் வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஒருமுறை வைத்து இறக்கிய பிறகு அந்தப் பீப்பா அவர்களுக்குப் போர்பனுக்கு உதவாது. ஏறக்குறைய 200 லீட்டர் கொள்ளும் அந்தக் கலன்களைப் பியர் ஆலைகள் வாங்கிக்கொள்கின்றன. நம் தென்னஞ்சாராயத்தை ஹல்மில்ல மரத் தொட்டியில் வைப்பது தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

உள்ளே மூன்று வேலை ஒரே நேரத்தில் நடக்கிறது. மரம் தன்னிடம் உள்ளதைக் கொடுக்கிறது: வனிலா வாசம் தரும் வனிலின், தேங்காய் வாசம் தரும் லக்டோன், துவர்க்கும் தனின். பலகையில் ஊறியிருந்த விஸ்கி வெளியே வருகிறது, மதுசாரம் கொஞ்சம் கூடுகிறது. அப்புறம், மரத்தின் வழியே காற்று மெல்ல மெல்ல உள்ளே நுழைந்து பியரை ஒட்சியேற்றுகிறது.

இந்த மூன்றுக்கும் சேர்த்துத்தான் ஒரு சொல் வேண்டும். சென்னை நண்பர் சொன்ன 'பீப்பா ஊறல்' முதல் இரண்டுக்கும் சரி, மூன்றாவதுக்குச் சரியில்லை. போதாததற்கு, அவர் ஊரிலேயே ஊறல் என்றால் காவல்துறை கொட்டி அழிக்கும் கள்ளச்சாராயக் கலவை. 'முதிர்வு' கேட்டவுடன் எனக்கு வங்கியின் நிலையான வைப்புத்தான் ஞாபகம் வருகிறது. 'மூப்பு' வயோதிபம். 'பதப்படுத்தல்' தோலுக்கும் மீனுக்கும் போய்விட்டது.

என் பரிந்துரை பழுத்தல். பீப்பாவில் பழுத்த பார்லிவைன். செய்கிறவரின் பக்கத்திலிருந்து சொன்னால், பீப்பாவில் பழுக்கப்போட்ட பார்லிவைன். வாழைக்குலையைப் பழுக்கப்போடுகிறோம் என்று தினமும் சொல்கிறோம். மூடிய இடம், காத்திருப்பு, இனிப்பு, நிறம் மாறுவது எல்லாம் அந்தச் சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. பழைய ஆதாரமும் உண்டு. புறநானூற்றின் 129ஆம் பாட்டில் குறவர்கள் 'வாங்கு அமைப் பழுனிய தேறல்' குடித்துவிட்டு வேங்கை மர முற்றத்தில் குரவை ஆடுகிறார்கள். வளைந்த மூங்கிலுக்குள் வைத்துப் பழுத்த தெளிந்த மது. மலைநாட்டு ஆட்கள், மரக்கலன், பழுத்தல். இதைவிட நெருக்கமாக எங்கே தேடுவது? அரிசியில் செய்த 'தோப்பி'யும் சங்கப் பாட்டில் இருக்கிறது, ஆனால் அதை அரிசிக்கே விட்டுவைக்கலாம்.

இன்னொரு வசதி. இதே ஒட்சிசன் கெடுக்கவும் செய்யும். பழைய பியரில் நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் வருவது அதனால்தான். அதற்கு எதிர்ச்சொல் புதிதாக ஆக்க வேண்டியதில்லை: பழுத்தது, ஊசிப்போனது. முதிர்வு என்று வைத்தால் கெட்டுப்போனதும் முதிர்வுதான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தேயிலை ஆலையில் அரைத்த கொழுந்தைப் பரப்பி நிறம் மாறவிடும் கட்டத்தை 'நொதித்தல்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அங்கே மதுவம் இல்லை, நடப்பது பொலிபீனோல்களின் ஒட்சியேற்றம். பியரிலோ உண்மையான நொதித்தல் முடிந்த பிறகுதான் பீப்பா வருகிறது. மலையகத்தில் வாசிக்கப்படும் அட்டை என்பதால் 'பீப்பாவில் நொதித்த' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், தங்கச்சி.

சுவைச் சொற்களுக்கு வருகிறேன். லண்டனிலிருந்து வந்த மச்சான் ஒரு போத்தல் கொண்டுவந்தார், 11 சதவீதம், போர்பன் பீப்பாவில் பழுத்தது. இதைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் குடித்தால் வாசமே எழும்பாது, 12, 14 பாகை வேண்டும். நுவரெலியா வீட்டு அலுமாரி அந்த வேலையைச் சும்மா செய்துவிடும். தேயிலை ஆலையில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்ற பெரியப்பாவையும் கூப்பிட்டிருந்தோம். சிறிய கிளாஸில் ஊற்றினால் செம்பழுப்பு நிறம், நுரை விளிம்போரம் ஒரு கோடாக நின்றது. பெரியப்பா மேசைக்கரண்டியில் எடுத்து, தேயிலை மேசையில் செய்கிற மாதிரி காற்றோடு சேர்த்துச் 'சர்ர்' என்று உறிஞ்சினார். துப்புவதற்குக் கிண்ணம் வைத்தோம். அதைத் தள்ளி வைத்துவிட்டார்.

"கனமா இருக்கு. முதல்ல பாணி இனிப்பு. பிறகு துவர்ப்பு வந்து நாக்கைப் புடிக்குது. இறங்கினதுக்குப் பின்னால நெஞ்சுல காந்துது."

எனக்கு இந்த நாலு வரி போதும். கனம், பிடிப்பு, காந்தல் மூன்றையும் ஆங்கிலத்தைப் பார்த்து ஆக்க வேண்டிய தேவையே இல்லை. கசப்பு வேறு, துவர்ப்பு வேறு என்பதையும் கவனியுங்கள். பியரின் கசப்பு ஹொப் பூவிலிருந்து வருவது, அது சுவை. துவர்ப்பு தனின் எச்சில் புரதத்தோடு ஒட்டி நாக்கை வறட்டுவது, அது தொடுகை. பியர் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் இரண்டையும் 'கசப்பு' என்று ஒரே கூடையில் போடுகிறார்கள். பாலில்லாத பிளேன்டீ குடித்து வளர்ந்த வாய் அப்படிக் கலக்காது. வாசத்தில் கித்துள் பாணியும் (கித்துள் மரத்துப் பதநீரைக் காய்ச்சிய பாகு) கொஞ்சம் வெந்தயமும் தெரிந்தன. வெந்தயத்தின் வாசத்துக்குக் காரணமான சொட்டலோன் என்ற பொருள் ஒட்சியேற்றமடைந்து பழுத்த குடிவகைகளிலும் உண்டாகிறது.

கடைசியாக ஹட்டன் டீச்சரின் மடல்.

> சம்பளத்தன்று லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டா இதற்குக் கலைச்சொல் தேடுகிறீர்கள்?

தெரிந்துதான். 'பியர்தானே' என்ற பேச்சு எவ்வளவு ஆபத்தானது என்று இந்தப் போத்தலை வைத்தே காட்டலாம். 330 மில்லிலீட்டரில் 11 சதவீதம் என்றால் சுத்த மதுசாரம் ஏறக்குறைய 29 கிராம். அதே அளவு 5 சதவீத பியரில் 13 கிராம். மூன்றில் ஒரு பங்கு மதுசாரமுள்ள சாராயமாகக் கணக்குப் பார்த்தால் கால் போத்தலில் பாதிக்கு மேல். அட்டையில் சதவீதத்தைப் பெயருக்குப் பக்கத்தில், பெயர் அளவு எழுத்திலேயே போடச் சொல்லுங்கள் தங்கச்சி. வாசனையைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டு அதை மூலையில் பொடி எழுத்தில் போடுவது நியாயமில்லை.

— நுவரெலியாவிலிருந்து

*

ஐயா,

சதவீதத்தைப் பெரிதாகப் போடுவதை ஏற்றுக்கொள்கிறேன், மற்றதை முழுதாக அல்ல. 'பழுத்த' என்ற சொல்லே ஆசை காட்டுகிறதே? பாடநூல் எழுதுகிறவளாகச் சொல்கிறேன், கலைச்சொல்லுக்கு ருசி இருக்கக் கூடாது. 'பீப்பாவில் வைத்த' என்றால் யாருக்கும் விளங்கும், யாரையும் கூப்பிடவும் செய்யாது. அருஞ்சொல் பட்டியலில் இதையும் ஒரு மாற்றாகப் பதியுங்கள்.

— ஹட்டன்

*

அண்ணே, தலவாக்கலையிலிருந்து ஒரு வரி. தேயிலையில் நொதித்தல் என்பதை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. இலைக்குள் இருக்கும் நொதியம்தான் (என்சைம்) அந்த ஒட்சியேற்றத்தைச் செய்கிறது. நொதியம் வேலை செய்தால் நொதித்தல், சொல் சரியாகத்தான் பொருந்துகிறது. பீப்பாவுக்குள் நடப்பதில் பெரும்பகுதிக்கு நொதியம் தேவையில்லை. எனவே அங்கே அந்தச் சொல் வேண்டாம் என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன், காரணம்தான் வேறு.

*

தலவாக்கலைத் தம்பியின் காரணம் என்னுடையதைவிடக் கூர்மை. அதையே பட்டியலில் குறிப்பாகப் போடுவோம்.

டீச்சருக்கு: 'பீப்பாவில் வைத்த' என்பதில் எவ்வளவு நாள், எதற்காக என்பது இல்லை. இன்று ஊற்றி நாளை எடுத்தாலும் பீப்பாவில் வைத்ததுதான். விற்பனைக்கு அனுப்பப் பீப்பாவில் அடைத்ததும் அதற்குள் வந்துவிடும். சுகாதாரப் பாடத்துக்கு அது போதும், சுவைப்பு அட்டைக்குப் போதாது. இரண்டையும் பதிகிறேன், இடம் பார்த்து எடுத்துக்கொள்ளட்டும்.

தங்கச்சி தனிமடலில் கேட்டது: விழுங்கிய பிறகு வாயில் நிற்கும் சுவைக்கு என்ன போடுவது? பட்டியலில் 'ஈற்றுச்சுவை', 'பின்சுவை' இரண்டும் இருக்கின்றன. எனக்கு ஈற்றுச்சுவை யாப்பிலக்கணம் மாதிரி ஒலிக்கிறது. பெரியப்பா 'அடிநாக்குல நிக்குது' என்றார். அடிநாக்குச் சுவை என்று வைத்தால் எப்படி? வெள்ளிக்கிழமைக்குள் அட்டை அச்சுக்குப் போகிறதாம், அதற்கு முன் சொல்லுங்கள்.

— நுவரெலியாவிலிருந்து