சுண்ணாம்பில் ஊறும் மக்காச்சோளத்துக்கு ஒரு தமிழ்ச் சொல்

அனுப்புநர்: சாட்ஸ்வர்த், டர்பன்
பொருள்: நிக்ஸ்டமலைசேஷன், தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வார இறுதித் தமிழ் வகுப்புக்கு எழுதும் சமையல் பாடத்தில் மெக்சிகோவின் மக்காச்சோள ரொட்டியான டோர்ட்டியா வருகிறது. அந்தப் பெயரைத் தமிழாக்கத் தேவையில்லை. பீட்சா, பாஸ்தா போல அப்படியே இருக்கட்டும். சிக்கல் அதற்கு முந்தைய படியில்தான்.

கடையில் வாங்கும் மீலி மீலை, அதாவது சாதாரண மக்காச்சோள மாவை, தண்ணீர் விட்டுப் பிசைந்து டோர்ட்டியா தட்ட முடியாது. உருண்டையை அழுத்தினால் ஓரமெல்லாம் வெடிக்கும், கல்லில் போட எடுத்தால் கையிலேயே உடையும். மக்காச்சோளத்தில் கோதுமைபோல் இழுபடும் புரதம் கிடையாது. மெக்சிகோவில் மணியை முழுதாகச் சுண்ணாம்புத் தண்ணீரில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வைத்து வேகவிட்டு, அதே தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, தோலைக் கழுவித் தள்ளிவிட்டு ஈரமாகவே அரைக்கிறார்கள். அந்த மாவு பிடித்த பிடிக்கு நிற்கும். இந்த முழு வேலைக்கும் ஒரே பெயர், நிக்ஸ்டமலைசேஷன்.

பிள்ளைகள் வாயில் இது நுழையவில்லை. நான் யோசித்தவை: காரவேவு, சுண்ணவேவு, நிக்ஸ்டமலாக்கம். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.


அனுப்புநர்: பீட்டர்மாரிட்ஸ்பர்க்

வணக்கம் அக்கா.

> காரவேவு, சுண்ணவேவு, நிக்ஸ்டமலாக்கம்

காரவேவு வேண்டாம். வேதியியல் பாடத்தில் காரம் என்றால் சரி. சமையல் பாடத்தில் காரம் என்றதும் மிளகாய்தான் நினைவுக்கு வரும், அதுவும் டர்பனில்! நிக்ஸ்டமலாக்கம் பிள்ளைகளின் சிக்கலைத் தீர்க்கவில்லை. 'க்ஸ்ட' என்று மூன்று மெய் மோதும் இடம் அப்படியே இருக்கிறது.

சுண்ணவேவு பொருளுக்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் 'வேவு' அங்கே இடறுகிறது. அடுப்பில் இருப்பது முப்பது நாற்பது நிமிடம்தான், ஊறுவது எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். முக்கியமான மாற்றம் பெரும்பாலும் அந்த ஊறலில் நடக்கிறது. மணியின் தோலை ஒட்டிவைத்திருக்கும் ஹெமிசெல்லுலோஸ் என்ற நார்ப்பொருளைக் காரத்தன்மை கரைக்கிறது. கரைந்தது பசையாகி மாவைப் பிடிக்கிறது. கால்சியம் உள்ளே இறங்குகிறது, மணியின் வெளிப்பகுதி மாச்சத்து பாதி வெந்து ஒட்டும் பதத்துக்கு வருகிறது. உடலுக்குக் கிடைக்காமல் பிணைந்து கிடக்கும் நயாசின் என்ற வைட்டமின் விடுபடுகிறது. வேகவைத்த உடனே வடித்துவிட்டால் தோல் ஓரளவு கழன்றாலும் மாவு பிடிப்பதில்லை.

இனி வேர்ச்சொல். நிக்ஸ்டமால், மெக்சிகோவின் பழங்குடி மொழியான நவாட்டில் மொழிச் சொல். நெக்ஸ்ட்லி என்றால் சாம்பல், சுண்ணாம்புச் சாம்பல். தமல்லி என்றால் மக்காச்சோள மாவுப் பண்டம். சாம்பலையும் சுண்ணாம்பையும் ஒரே சொல்லால் குறிக்கும் வழக்கம் தமிழிலும் இருக்கிறது, அந்தச் சொல் நீறு. நீறுபூத்த நெருப்பில் அது சாம்பல். நீற்றுச் சுண்ணாம்பில் அது தண்ணீர் பட்டுப் பொடிந்த சுண்ணாம்பு. நமக்கு வேண்டிய கால்சியம் ஹைட்ராக்சைடும் அதுதான். நவாட்டில் ஒரு சொல்லில் அடக்கியதை நம் மொழியும் ஒரு சொல்லில் அடக்கி வைத்திருக்கிறது. அதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆறு + ஊர் = ஆற்றூர். நீறு + ஊறல் = நீற்றூறல். என் பரிந்துரை இதுவே.


அனுப்புநர்: பீனிக்ஸ், டர்பன்

ஐயா, வேர் விளக்கம் அருமை. ஆனாலும் என்னால் உடனே ஏற்க முடியவில்லை.

தென்னாப்பிரிக்காவில் தமிழ் வாசிப்பவர்களில் பலருக்கு நீறு என்றால் நெற்றியில் இடும் திருநீறு ஒன்றுதான். பாடத்தைப் படித்துவிட்டு யாராவது பூஜை மாடத்து விபூதியைப் பானையில் கொட்டினால்? கலைச்சொல் அழகாக இருந்தால் போதாது, கடைக்குப் போகிறவர் எதை வாங்க வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். சுண்ணாம்பு என்ற சொல் கண்ணில் பட்டே ஆகவேண்டும்.

சுண்ணாம்பிலும் எல்லாம் ஒன்றல்ல. சுட்ட சுண்ணாம்பு தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும், கண்ணைப் பறித்துவிடும். சமையலறைக்குள் அது வரவே கூடாது. கட்டட வேலைக்கு விற்பதில் வேறு கலப்பு இருக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பு சிலவற்றில் நிறமும் வாசனையும் சேர்த்திருப்பார்கள். எதுவும் சேர்க்காததாக இருந்தாலும் அது குழம்பு, அதன் எடையில் பெரும்பங்கு தண்ணீர். பத்து கிராம் பொடி என்று எழுதியிருக்க, பத்து கிராம் குழம்பைப் போட்டால் பாதிகூடத் தேறாது. உணவுத் தரமான உலர் பொடிதான் வேண்டும்.

பழைய பொடியும் ஏமாற்றும். மூடாத டப்பாவில் காற்றுப்பட்டுக் கிடந்தால் அது மெல்ல மெல்ல வெறும் கால்சியம் கார்பனேட் ஆகிவிடும். சிட்டிகைப் பொடியில் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் அது கெட்ட பொடி. தண்ணீரில் கலக்கி மஞ்சள்பொடி தூவினால் ஆரத்தித் தண்ணீர்போல் அடர் சிவப்பாக வரவேண்டும். இரண்டில் வினிகர் சோதனை நம்பகமானது.

இன்னொன்று. தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் ஊறல் என்றால் சாராய ஊறல். அதையும் யோசியுங்கள்.


அனுப்புநர்: லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்

அண்ணன்மார் இருவருக்கும், அக்காவுக்கும் வணக்கம்.

வேவா ஊறலா என்பதற்கு எங்கள் ஊரே சான்று. ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 94, 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசிக்கும் பருப்புக்கும் நேரம் கூட்டவேண்டும். ஆனால் இந்த வேலைக்கு 85 முதல் 95 டிகிரி போதும், தளதளவென்று கொதிக்கவே வேண்டாம். கொதித்தால் மணி வெடித்துக் கஞ்சியாகும். ஊறலே என் வாக்கு. சாராய ஊறல் என்று முன்சொல் சேர்ந்தால்தான் அந்தப் பொருள் வருகிறது, நீற்றூறலில் முன்சொல் வேறு.

பாடத்துக்கு அளவு கேட்பீர்கள். உலர்ந்த வெள்ளை மக்காச்சோளம் 1 கிலோ, தண்ணீர் 3 லிட்டர், சுண்ணாம்புப் பொடி 10 கிராம். அதாவது மணியின் எடையில் நூற்றில் ஒன்று. கரண்டிக் கணக்கு வேண்டாம், பொடி குலுங்கியிருப்பதைப் பொறுத்து அது மாறும். தராசில் நிறுத்துப் போடுங்கள். பாத்திரம் எவர்சில்வர் அல்லது எனாமல். நம் வீடுகளில் கல்யாணச் சமையலுக்கு வைத்திருக்கும் பெரிய அலுமினியப் பானையை எடுக்கவே கூடாது, இந்தத் தண்ணீர் அலுமினியத்தை அரிக்கும்.

தண்ணீரில் பொடியைக் கலக்கி மணியைப் போட்டதும் வெள்ளை மணி மஞ்சளாகும். பயப்பட வேண்டாம், பொடிக்கு உயிர் இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அரைமணி கழித்து ஒரு மணியை எடுத்து விரலிடையில் தேய்த்தால் தோல் வழுக்கிக் கழலவேண்டும். நகத்தால் இரண்டாகக் கிள்ளினால் நடுவில் மெல்லிய வேகாத வெள்ளைப் பொட்டு தெரியவேண்டும். அந்தப் பொட்டு போகும்வரை வேகவிட்டால் சூப்புக்கு ஆகும், டோர்ட்டியாவுக்கு ஆகாது, அரைக்கும்போது களியாக ஒட்டும்.

எந்த மணி என்றும் எழுதுங்கள். சாம்ப் வேண்டாம். அது ஏற்கெனவே தோலும் முளையும் நீக்கி உடைத்தது, தண்ணீரில் மாச்சத்தெல்லாம் கரைந்து போகும். சமைக்கும் இளம் மீலியும், பாப்கார்ன் மணியும் சரிவராது. விதைக்கடை மணி கூடவே கூடாது. இளஞ்சிவப்போ பச்சையோ பூசியிருந்தால் அது பூஞ்சைக்கொல்லி.

நீற்றூறல் ஒன்றை வைத்துக்கொண்டு பாடம் எழுதிவிட முடியாது. ஊறிய மணிக்கு, வடித்த தண்ணீருக்கு, அரைத்த மாவுக்கு, கடையில் பையில் வரும் உலர்ந்த மாவுக்கு, நான்குக்கும் பெயர் வேண்டும்.


அனுப்புநர்: பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பீனிக்ஸ் ஐயாவின் அச்சம் நியாயமானது. ஆனால் நீறு நம் சமையலறையில் முன்பே குடியிருக்கிறது. யாழ்ப்பாணத்தார் வெள்ளைப் பூசணியை நீற்றுப்பூசணி என்கிறார்கள். ஃபலூடாவில் போடும் கறுப்பு விதை திருநீற்றுப்பச்சை விதை. யாரும் இவற்றை விபூதியோடு குழப்பிக்கொள்வதில்லை. இருந்தாலும் கடைக்குப் போகிறவருக்கு வழி சொல்ல, பாடத்தில் முதல்முறை வரும் இடத்தில் 'சுண்ணாம்பு நீற்றூறல்' என்று முழுதாக எழுதிவிட்டு, பிறகு நீற்றூறல் என்று சுருக்கலாம். மரச்சாம்பலில் ஊறவைக்கும் முறையும் உண்டு. நீறு இரண்டையும் தாங்கும், சுண்ணம் தாங்காது.

வினையில் ஒரு கவனம். 'நீற்று' என்று மட்டும் சொன்னால் சுண்ணாம்பை நீற்றுவது என்ற பழைய பொருள் வந்துவிடும். 'நீற்றில் ஊறவை' என்பதே வினை.

லெனேசியாத் தம்பி கேட்ட நான்கு சொற்கள்.

ஊறிய மணி: 'நீற்றுச்சோளம்' என்று எழுதக் கை போகும். ஆனால் சோளம் என்றால் முதலில் வெள்ளைச்சோளம், மக்காச்சோளம் வேறு. ஹோண்டுராஸ், எல் சால்வடோர் பக்கம் வெள்ளைச்சோளத்தையும் இப்படி ஊறவைத்து டோர்ட்டியா செய்கிறார்கள். இரண்டுக்கும் பொதுவாக நீற்றுமணி.

வடித்த தண்ணீர்: மெக்சிகோவில் நெஹயோத்தே. அதன் முன்பாதியிலும் அதே நெக்ஸ்ட்லிதான். நீற்றுக்கஞ்சி என்றால் யாராவது குடித்துவிடுவார்கள். கழுநீர் என்றால் மாட்டுக்கு வைத்துவிடுவார்கள். கடுமையான காரத்தன்மை உள்ள தண்ணீர் அது, செடிக்கும் ஊற்றக் கூடாது. எந்த ஆசையும் காட்டாத நீற்றுவடிநீர் போதும்.

அரைத்தது: மாசா. மாவு என்றால் பொடியா, பிசைந்ததா என்ற குழப்பம் தமிழில் எப்போதும் உண்டு. ஆனால் இட்லி மாவு ஈரமாக அரைத்ததுதான், அதை மாவு என்றுதானே சொல்கிறோம். ஆகவே ஈரமாக அரைத்தது நீற்றுமாவு. பையில் வருவது உலர் நீற்றுமாவு. 'நீற்றுப்பொடி' என்று எழுதிவிடாதீர்கள், சுண்ணாம்புப் பொடி என்று படித்துவிடுவார்கள்.

பெல்லாக்ராவைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி சேர்த்தால் நன்றாக இருக்கும். மக்காச்சோளம் ஐரோப்பாவுக்குப் போனது, நீற்றூறல் கூடப் போகவில்லை. அதையே தின்று வாழ்ந்த ஏழைகளுக்குத் நயாசின் கிடைக்காமல் தோல் வெடித்து, வயிறு கெட்டு, சித்தம் கலங்கும் இந்த நோய் வந்தது. 1735இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸில் காஸ்பர் காஸல் என்ற மருத்துவர் அதை விவரித்தார். நிக்கோட்டினிக் அமிலம், அதாவது நயாசின், நாய்களுக்கு வரும் அதையொத்த நோயைத் தீர்க்கிறது என்று அமெரிக்க உயிர்வேதியியலாளர் எல்வெஹெம் காட்டியது 1937இல். இடையில் இருநூறு ஆண்டு. இங்கே 2003 முதல் மீலி மீலில் நயாசின் சேர்ப்பது சட்டம்.


அனுப்புநர்: சாட்ஸ்வர்த், டர்பன்

எல்லோருக்கும் நன்றி. சொற்களைப் போட்டு இரண்டாம் பாதியை எழுதிப் பார்த்தேன். எங்காவது இடறுகிறதா என்று வாசித்துச் சொல்லுங்கள்.

"நீற்றுவடிநீரைக் கொட்டிவிட்டு நீற்றுமணியை இரண்டு தண்ணீரில் அலசவும். உள்ளங்கைகளுக்கு இடையே தேய்த்துத் தோலைக் கழற்றவும். தோல் முழுக்கப் போகவேண்டியதில்லை, கொஞ்சம் இருந்தால் மாவுக்குப் பிடிப்பு. அலசுவது போதாவிட்டால் சோப்புச் சுவை வரும், நான்கைந்து முறை அலசினால் வாசனையே போய்விடும்.

அரைப்பதற்கு இட்லி கிரைண்டர் ஆகாது. கல் சுற்ற அது கேட்கும் தண்ணீரை ஊற்றினால் நீற்றுமாவு தோசை மாவாகிவிடும். கையால் சுற்றும் இரும்பு ஆலையை இறுக்கி இரண்டு முறை விடவும். மெக்சிகோவின் மெத்தாத்தே நம் அம்மிக்கு உறவு. மூன்று கால், முன்பக்கம் சரிவு, குழவியை இரு கையாலும் பிடித்து முன்னே தள்ளி அரைப்பார்கள். வீட்டில் அம்மி இருந்தால் ஒரு பிடி நீற்றுமணியை அதில் அரைத்துப் பார்க்கலாம். ஃபுட் ப்ராசஸர் என்றால் அரைக்கிலோ வீதம், தண்ணீரைக் கரண்டி கரண்டியாக.

1 கிலோ மணிக்கு ஏறக்குறைய 1.8 முதல் 2 கிலோ நீற்றுமாவு வரும். 30 கிராம் உருண்டையாகப் பிடித்தால் அறுபது டோர்ட்டியா. ஓர் உருண்டையை உள்ளங்கையில் தட்டவும். ஓரம் வெடித்தால் தண்ணீர் தெளித்துப் பிசையவும். கையில் ஒட்டினால் உலர் நீற்றுமாவு தூவவும். இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்து, கனமான தட்டையான தட்டால் 15 சென்டிமீட்டர் அகலத்துக்கு அழுத்தவும். ரொட்டிக் கட்டையால் தேய்த்தால் தாளில் ஒட்டிக் கிழியும்.

இரும்புத் தவா நன்றாகக் காயவேண்டும், எண்ணெய் வேண்டாம். முதல் பக்கம் 20 விநாடி. திருப்பி 40 விநாடி. மறுபடி திருப்பியதும் நடுவில் விரலால் லேசாகத் தொட்டால் பூரிபோல் எழும்பும். எழும்பாவிட்டால் கல் காயவில்லை, அல்லது மாவு வறண்டிருக்கிறது, அல்லது அரைத்தது கொரகொரப்பு. எடுத்த உடனே துணியில் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவும். அந்த ஆவியில் பத்து நிமிடம் இருந்தால்தான் மடிக்கும்போது முறியாது."


அனுப்புநர்: பீனிக்ஸ், டர்பன்

அக்கா, வாசித்தேன். நீற்றுமணி, நீற்றுமாவு இரண்டும் வாக்கியத்தில் தானாக உட்கார்ந்துவிட்டன. முதலில் 'சுண்ணாம்பு நீற்றூறல்' என்று முழுதாக வருமென்றால் என் மறுப்பை எடுத்துக்கொள்கிறேன்.

ஒரே திருத்தம். 'நீற்றுவடிநீரைக் கொட்டிவிட்டு' என்ற இடத்தில், குழாயைத் திறந்துவிட்டுக் கொட்டச் சொல்லுங்கள். கரைந்த தோல் கோந்துபோல் சிங்க் குழாயில் தங்கும். பிள்ளைகள் செய்யும்போது கையுறையோடு பெரியவர் ஒருவர்தான் வடிக்கவேண்டும் என்பதும் அதே வரியில் இருக்கட்டும்.