ஜெலட்டின் போடாத பன்னா கோட்டா – அத்தைக்காக செஞ்சது

கல்யாணமாகி மொரீஷியஸ் வந்து ஏழு வருஷம், ரோஸ் ஹில்ல இருக்கோம். போன வருஷம்தான் மொத தடவை பன்னா கோட்டா செஞ்சேன். பேரு பெருசா இருக்கே தவிர இத்தாலியன்ல பன்னான்னா க்ரீம், கோட்டான்னா காய்ச்சினது, அவ்ளோதான். வடக்கு இத்தாலில பியட்மான்ட் பக்கத்து இனிப்பு. க்ரீம், பால், சர்க்கரையை சூடு பண்ணி ஜெலட்டின் கரைச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சா கெட்டியாகும்.

எனக்கு ஆகல. இங்க மொரீஷியஸ்ல கிடைக்கற விக்டோரியா ரக அன்னாசி வாசனைக்கு ஆசைப்பட்டு பச்சையாவே அரைச்சு கலந்துட்டேன், ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ்ல இருந்தும் காலைல பாத்தா மோர் மாதிரி ஓடுது. அப்புறம்தான் தெரிஞ்சுது, ஜெலட்டின் ஒரு புரோட்டீன், பச்சை அன்னாசில இருக்கற ப்ரொமலைன்ங்கற என்சைம் அதை அரிச்சிடும். பப்பாளி, கிவியும் அப்படித்தான். அன்னாசியை கொதிக்க வச்சு ஆறவிட்டு சேத்தா பிரச்சனை இல்ல, டின்ல வர்றதும் ஓகே.

ரெண்டாவது தடவை பழமே இல்லாம செஞ்சு அழகா வந்துச்சு. அன்னிக்கு பாத்து புயல் காத்துல கரண்ட் போச்சு. ஜனவரி வெக்கை (இங்க அப்போ கோடை), ஜெலட்டின் நம்ம உடம்பு சூட்டுக்கே உருகற சாமான் (வாயில வச்சதும் கரையறது அதனாலதான்), மூடின ஃப்ரிட்ஜ்லயே தளர்ந்து போயிடுச்சு.

அப்போ அத்தை வந்து, "இதுல போட்டது எதுலேர்ந்து எடுக்கறாங்கம்மா?"ன்னு கேட்டாங்க. மாட்டுத் தோல், எலும்பு, இல்லன்னா பன்னித் தோல்னு சொன்னேன். தைப்பூசக் காவடிக்கு பத்து நாள் விரதம் இருக்கறவங்க, ஒண்ணும் பேசாம கிண்ணத்த தள்ளி வச்சிட்டாங்க. எனக்கு மனசே ஆறல. கேட்டு செஞ்சிருக்கணும்.

வழி சொன்னதும் அவங்கதான். "நம்ம அலூடாவுக்கு போடற அகர் அகர் இருக்கேம்மா." கடல்பாசிதான், நம்ம ஊர்ல சைனா கிராஸ்னு சொல்லுவோமே அது. அலூடாங்கறது இங்கத்து குளுகுளு பால் பானம், போர்ட் லூயி மார்க்கெட்ல சப்ஜா விதையோட குடிச்சிருக்கேன், எனக்கு இது தோணவே இல்ல பாருங்க.

எனக்கு சரியா வந்த அளவு: க்ரீம் 300 மில்லி, பால் 200 மில்லி, சர்க்கரை 60 கிராம், அகர் பவுடர் 1.5 கிராம், அதாவது முக்கால் டீஸ்பூன். ரெண்டு ஸ்பூன் போட்டப்போ ரப்பர் மாதிரி ஆச்சு, கூட்டாதீங்க. ஜெலட்டின் மாதிரி வெதுவெதுப்புல இது கரையாது, பச்சைப் பால்லயே கலந்து அடுப்புல வச்சு கிண்டிக்கிட்டே ரெண்டு மூணு நிமிஷம் நல்லா கொதிக்கணும். க்ரீமை தனியா சூடு பண்ணிட்டு சேருங்க, ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்து அப்படியே ஊத்தினா திரிதிரியா கட்டிக்கும். சுமார் 40 டிகிரிக்கு கீழ வந்தாலே கெட்டியாகிடும், திரும்ப உருக 85 டிகிரியாவது வேணும், அதனால கரண்ட் போனாலும் பயமில்ல. வாயில கரையற சுகம் மட்டும் ஜெலட்டின் அளவுக்கு வராது, அது உண்மை. அன்னாசியை மேல வச்சேன், கடல்பாசிய அது ஒண்ணும் செய்யாது.

*

அக்கா, உங்க பதிவ படிச்சேன். நான் புதுச்சேரிக்காரன், உங்க பக்கத்துத் தீவு ரியூனியன்ல செயின்ட் ஆந்த்ரேல இருக்கேன். இதுக்கு வனிலா வாசனை வேணும்னா எசன்ஸ் ஊத்தாதீங்க ப்ளீஸ், வனிலா காயவே கீறி விதைய சுரண்டி தோலோட சேத்து சூடான க்ரீம்ல அரை மணி நேரம் மூடி வைங்க. இந்தத் தீவுலதான் 1841ல எட்மான் அல்பியுஸ்னு 12 வயசு அடிமைப் பையன் வனிலாப் பூவ கையால மகரந்தச் சேர்க்கை பண்ற வழிய கண்டுபிடிச்சான், இன்னிக்கும் ஒவ்வொரு பூவையும் அப்படித்தான் கையால செய்யறாங்க. தோட்டத்துல அத நேர்ல பாத்ததுலேர்ந்து ஒரு காய வீணாக்க எனக்கு மனசு வராது, பிழிஞ்ச தோலையும் காய வச்சு சர்க்கரை டப்பாக்குள்ள போட்டுடுவேன்.

*

தம்பி, காய் வாங்கிட்டேன். இந்த காவடி முடியறதுக்குள்ள அத்தைக்கு அதுல செஞ்சு குடுக்கறேன்.