தூம்புக்கல்: எரிமலையின் தொண்டையில் உறைந்த பாறைக்கு ஒரு பெயர்

அன்புடையீர், வணக்கம்.

புவியியலார் ‘பிளக்’ என்றும் ‘நெக்’ என்றும் வழங்கும், எரிமலைக் குழாய்க்குள் உறைந்து பின்னர் வெளிப்பட்ட பாறைக்கு ‘எரிமலைக் கழுத்து’ என்ற பெயரே போதும் என்று சென்ற மடலில் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழிப் பிள்ளைகளுக்குப் புவியியல் நடத்துகிறவன் என்ற முறையில் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கழுத்து என்றதும் பிள்ளைகள் அதற்கு மேலே ஒரு தலையைத் தேடுகிறார்கள். இந்தப் பாறையோ தானே உச்சியாக நிற்பது. பாடநூல் நடையில் வரும் ‘எரிமலை அடைப்பு’, பாறையைச் சொல்கிறதா, அடைபட்ட நிகழ்ச்சியைச் சொல்கிறதா என்பதே தெளிவாகவில்லை.

பெயர் வைப்பதற்கு முன் பொருளைப் பார்த்துவிடுவோம். வட அமெரிக்காவின் மேற்கில், கனடாவின் தென்பகுதியிலிருந்து வடக்குக் கலிபோர்னியா வரை காஸ்கேடு மலைத்தொடர் நீள்கிறது. ஹுவான் டி ஃபூக்கா என்னும் கடலடிப் புவியோட்டுத் தட்டு வட அமெரிக்கத் தட்டின் அடியில் செருகி இறங்கும்போது, அதிலிருந்து வெளியேறும் நீர் மேலுள்ள சூடான பாறையின் உருகுநிலையைத் தாழ்த்திவிடுகிறது. அப்படி உருகியெழும் குழம்புதான் அத்தொடரின் எரிமலை உச்சிகளைக் கட்டியது. அவற்றுள் 4,392 மீட்டர் உயரமுள்ள ரெய்னியர் இன்றும் பனி போர்த்த கூம்பாகத் தெரிகிறது. ஓரிகன் மாநிலத்தில் உள்ள தீல்சன் அப்படியில்லை. 2,799 மீட்டர் உயரமுள்ள அந்த மலையின் உச்சி ஓர் ஊசி. மின்னல் அடிக்கடி அதில் இறங்குவதால், உச்சிப் பாறையின் மேற்புறம் அங்கங்கே உருகிக் கண்ணாடிப் பூச்சாக உறைந்து கிடக்கிறது.

தீல்சன் எரிந்து ஓய்ந்து இரண்டு லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. கடைசியாக ஏறிய குழம்பு வெளியே வராமல் குழாயிலேயே இறுகியது; சுற்றியிருந்த சாம்பலும் பொருக்கும் அடுக்கடுக்காக இளகிய நிலையிலேயே இருந்தன. பனியாறுகள் வந்து இளகியதை அரித்துக்கொண்டு போயின, இறுகியது நின்றுவிட்டது. ஆக, நாம் தேடும் சொல் மூன்றைச் சொல்ல வேண்டும்: அது ஒரு வழியில் இருந்தது, அவ்வழியை அடைத்தது, சுற்றுமண் போனபின் தனித்து நிற்கிறது.

நான் முதலில் எண்ணியது ‘குழவி’. ஆட்டுக்கல் குழிக்குள் குழவி நிற்பதுபோல் என்று பொருத்தமாகத்தான் பட்டது. ஆனால் ‘எரிமலைக் குழவி’ என்று கரும்பலகையில் எழுதியதும், முன்வரிசைப் பெண் ஒருத்தி “குட்டி எரிமலையா, சார்?” என்று கேட்டுவிட்டாள். குழவிக்குக் குழந்தை என்ற பொருளும் உண்டு என்பதை நான் மறந்திருந்தேன். செத்த மலைக்குப் பிள்ளைப் பெயர் பொருந்தாது. ‘முளை’ என்றாலும் இதே சிக்கல்தான், வளர்வதுபோல் தோன்றும். ‘தக்கை’ தண்ணீரில் மிதப்பது.

வேலந்தாவளம் போகும் வழியில் தூர்ந்துபோன குட்டை ஒன்று இருக்கிறது. அதன் கரை மழையில் கரைந்து நிலத்தோடு நிலமாகிவிட்டது. கரைக்குள் புதைந்திருந்த பழைய தூம்பின், அதாவது நீர் வெளியேறும் மதகுக் குழாயின், கல் மட்டும், ஆளுயரத்துக்கு, சோளக்காட்டு ஓரத்தில் நிமிர்ந்து நிற்கிறது. தீல்சனின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கல்தான் நினைவுக்கு வருகிறது. எனவே குழம்பு ஏறிவரும் குழாயை ‘எரிதூம்பு’ என்றும், அதனுள் உறைந்து பின்னர் வெளிப்பட்ட பாறையைத் ‘தூம்புக்கல்’ என்றும் வழங்கலாம் என்பது என் முன்மொழிவு. மலையுச்சியைப் போய்க் கல் என்பதா என்று கேட்பவர்கள் திண்டுக்கல்லையும் நாமக்கல்லையும் எண்ணிப் பார்க்கலாம்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தூம்பு என்றதும் மலையாளத்துத் தூம்பா, அதாவது மண்வெட்டி, நினைவுக்கு வருவது உண்மைதான். ஒரு நாள் சிரிப்பார்கள், மறுநாள் பழகிவிடும். ஆந்திரத்துக் குப்பம் ஊரிலிருந்து எழுதும் ஐயாவுக்கு இந்தத் தொல்லையே இராது. அங்கே தெலுங்கிலும் ஏரி மதகைத் தூமு என்றுதான் சொல்கிறார்கள்.

ஒன்றை மட்டும் கலந்துவிடக் கூடாது. அதே தொடரின் தென்கோடியில் உள்ள 3,187 மீட்டர் உயர லாசன் சிகரத்தை ஆங்கிலத்தில் ‘பிளக் டோம்’ என்பதால், அதையும் தூம்புக்கல் என்று மொழிபெயர்த்துவிடத் தோன்றும். லாசனில் பசைபோன்ற குழம்பு வாய்க்கு மேலே பிதுங்கி, ஓட முடியாமல் அங்கேயே குவிந்து மலையானது. அரிப்பால் வெளிப்பட்டது அன்று. செயின்ட் எலன்ஸ் மலை 1980 மே 18 அன்று வெடித்து 2,950 மீட்டரிலிருந்து 2,549 மீட்டராகக் குறைந்தபின், அதன் பள்ளத்துக்குள் 1986 வரை இப்படித்தான் ஒரு மேடு விட்டுவிட்டு வளர்ந்தது. இவ்வகைக்குப் பலர் ஆளும் ‘குவிமாடம்’ உள்ளே வெற்றிடம் இருப்பதாக எண்ண வைக்கிறது. ‘பிதுக்கக்குன்று’ என்று வைத்திருக்கிறேன். ஓசை கரடுமுரடாக இருப்பது எனக்கே தெரிகிறது. இதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள், மாற்றிக்கொள்ளத் தடையில்லை. தூம்புக்கல்லை விட்டுக்கொடுக்க மட்டும் வலுவான காரணம் வேண்டும்.