பெட்டியா, கணுவா, கண்டமா? நரம்பணு வகுப்புக்கு ஒரு சொல்

வியாசர்பாடி, திங்கள் இரவு

வணக்கம். சனிக்கிழமை மாலை வகுப்புக்கான கையேடு வெள்ளிக்கிழமை ஜெராக்ஸ் கடைக்குப் போக வேண்டும். தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் திணறுகிற பிள்ளைகள். பைத்தானிலிருந்து 'நியூரான்' மென்பொருளை இயக்கி, ஒரு நரம்பணுவைக் கணினியில் துடிக்கவைக்கக் கற்றுத்தருகிறேன். 'கம்பார்ட்மென்ட்' என்ற சொல்லில் வேலை நின்றுவிட்டது.

நரம்பணுவின் நீண்ட கிளையில் மின்னழுத்தம் இடத்துக்கு இடம் மாறும். 1960-களில் நரம்பியல் ஆய்வாளர் வில்ஃப்ரிட் ரால் காட்டிய வழி: கிளையைக் குட்டிக் குட்டியாக வெட்டு, ஒன்றுக்குள் அழுத்தம் எங்கும் ஒன்றே என்று வைத்துக்கொள், பக்கத்திலுள்ளதற்கு எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்று கணக்கிடு. நான் 'அறை' என்று எழுதியிருந்தேன். ஒரு பெண் கேட்டாள், "அப்போ உள்ளே சுவர் இருக்கா மிஸ்?" சுவர் இல்லை. வெட்டுவது நாம், கணக்குக்காக. அதற்கொரு சொல் தாருங்கள்.

தண்டையார்பேட்டை, செவ்வாய் காலை

அம்மா, 'அறை'யைக் கைவிட அவசரம் வேண்டாம். அறு என்பதன் வழி வந்தது அறை. 'வரையறை'யில் எந்தச் சுவர் இருக்கிறது? ஒப்பவில்லை என்றால் 'கணு' இருக்கிறது. தொல்காப்பிய மரபியலை நினையுங்கள்: "புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப." வெளியே வயிரம் பாய்ந்த பனையும் மூங்கிலும் புல். நரம்பணுவுக்கும் மின்சாரத்தைத் தடுக்கிற சவ்வு வெளியே, கடத்துகிற நீர்மம் உள்ளே. ஆகவே அது புறக்காழ். நரம்பணுவின் கிளைக்கு 'டெண்ட்ரைட்' என்று கிரேக்கத்தில் மரத்தின் பெயரை வைத்தது நம் வகைப்பாட்டில் செல்லாது. அது புல். மூங்கிலுக்குக் கணுவே உரியது.

கொடுங்கையூர், செவ்வாய் மதியம்

ஐயா, கணு ஏற்கெனவே வேறிடத்துக்குப் போய்விட்டது. நரம்பிழையைச் சுற்றியுள்ள மயலின் உறை விட்டுப்போன இடத்தை 'ரான்வியர் கணு' என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். அதையும் இதே மென்பொருளில்தான் எழுதுவோம். 'ஒரு கணுவுக்கு மூன்று கணு' என்று எழுதினால் பிழை எங்கே என்று தேடவே முடியாது.

மண்புழுவின் உடலுக்குச் சொல்கிற 'கண்டம்' போதும். மென்பொருளில் கிளைபிரியாத முழுநீளம் 'செக்‌ஷன்', அது பிரிவு. அதற்குள் வெட்டுவது கண்டம். ஒரு பிரிவில் கண்டங்களை ஒற்றைப்படையில் வைக்கச் சொல்கிறோம் அல்லவா, அப்போதுதான் பிரிவின் சரிநடுவில் ஒரு கணக்குப்புள்ளி விழும் என்று விளக்கவும் இது வசதி.

தண்டையார்பேட்டை, செவ்வாய் இரவு

கண்டம் வடசொல், தம்பி. 'கூறு' என்னுங்கள். கூறுபோடுவது வெட்டுவதுதானே.

காசிமேடு, புதன்

எங்கள் பக்கம் கூறு என்றால் மீனைக் கூறு கட்டி வைப்பது. ஒரு கூறுக்கும் அடுத்த கூறுக்கும் தொடர்பே கிடையாது. இங்கே ஒட்டியிருப்பதுதானே விஷயம்?

இன்னொன்று. நரம்பின் மின்துடிப்புக்கு ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-இல் வெளியிட்ட சமன்பாடுகள் 'ஊசிக்கணவாய்' நரம்பிலிருந்து வந்தவை என்று கையேட்டில் இருக்கிறது. பக்கத்திலேயே எங்கள் பக்கத்துப் பெயரான 'கடம்பா' என்றும் போடுங்கள். கம்பியையே உள்ளே செருகுமளவு தடித்த நரம்பிழை அந்த இனத்துக்கு உண்டு என்று தெரிந்தால் எங்கள் தெருப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பெரம்பூர், புதன் இரவு

தோழர்களே, வணக்கம். ரயில் பெட்டி கட்டுகிற ஐ.சி.எப்.பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு நரம்பு தெரியாது, கம்பார்ட்மென்ட் தெரியும். ஷாப்பில் 'கோச்' என்போம்; கேட்டைத் தாண்டினால் 'பெட்டி'. 1955-இல் திறந்த தொழிற்சாலை. அந்தச் சொல் தெரியாத வீடு இந்தப் பக்கம் இல்லை.

மகள் கையேட்டை வாசித்துக் காட்டினாள். ஒரு பெட்டிக்குள் எங்கும் ஒரே அழுத்தம். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே இணைப்பு. இங்கே இழுத்தால் அங்கே தெரியும். எனக்கே புரிந்துவிட்டது. சுவரைப் பற்றிக் கவலை வேண்டாம். வெஸ்டிபியூல் வண்டியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தே போகலாம்.

தண்டையார்பேட்டை, வியாழன் காலை

'மல்டி-கம்பார்ட்மென்ட்' என்ற கூட்டுச்சொல் என்னவாகும்? 'பல' என்பதன் அகரம் கெட்டுப் 'பல்பெட்டி' ஆகலாம், நன்னூல் அனுமதிக்கிறது. 'பற்பெட்டி' கூடாது; அது பல்லை வைக்கும் பெட்டி. ஆனால் வகுப்பில் காதுக்கு இரண்டும் பல்லாகவே விழும். யோசியுங்கள்.

வியாசர்பாடி, வியாழன் இரவு

அகரத்தை விடாமல் 'பலபெட்டி மாதிரி' என்றே எழுதிவிட்டேன் ஐயா, அதற்கும் நன்னூலில் இடம் உண்டு. பெட்டிக்கு மூவர், கண்டத்துக்கு ஒருவர், நீங்கள் இன்னும் கணுவிலும் கூறிலும். நேரம் இல்லை. பெட்டியோடு அச்சுக்குப் போகிறது. 'நடுவே சுவர் இல்லை' என்று முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். கடம்பாவும் சேர்ந்துவிட்டது.

கொடுங்கையூர், வியாழன் நள்ளிரவு

என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். ரயிலில் எத்தனை பெட்டி என்பது நாம் ஏறுவதற்கு முன்பே முடிவானது. நரம்பணுவில் அதை முடிவுசெய்வது நாம். வெட்டின எண்ணிக்கையை மும்மடங்காக்கி மறுபடி ஓட்டி, விடை மாறுகிறதா என்று பார்த்த பிறகுதான் அந்த வெட்டை நம்பலாம். இதைத்தான் பிள்ளைகள் முதலில் மறக்கிறார்கள். 'பெட்டி' என்ற சொல் அவர்களுக்கு அதை நினைவூட்டாது. என்னிடம் வருகிறவர்களுக்குக் கண்டம் என்றே சொல்வேன்.