ரைஃபிள் பெட்டிங்குக்கு அரால்டைட் போடலாமா? அவசரம்

புதுசு22:
எல்லோருக்கும் வணக்கம். என் .22 ரைஃபிளில் குரூப் (குண்டுகள் விழும் கூட்டம்) ரொம்பச் சிதறுகிறது. கட்டைக்கும் (ரைஃபிளின் மரப்பகுதி) ஆக்‌ஷனுக்கும் (தோட்டா வெடிக்கும் இரும்புப் பகுதி) நடுவே அரால்டைட் போட்டு பெட்டிங் (ஆடாமல் பதிய வைப்பது) செய்தால் சரியாகும் என்கிறார்கள். ஐந்து நிமிட அரால்டைட் வீட்டில் இருக்கிறது, தெரிந்த ஆசாரி ஒருவர் செய்து தருகிறேன் என்கிறார். ஞாயிறு போட்டி. போடலாமா?

லேத்மணி:
எந்த ரைஃபிள்? எத்தனை மீட்டர்? சிதறுகிறது என்றால் காசு அகலமா, தட்டு அகலமா?

மயிலைப்பெரியவர்:
எந்த லாட் (தயாரிப்புத் தொகுதி) தோட்டா? நான் பார்த்தவரை நூற்றுக்குத் தொண்ணூறு தோட்டாதான் காரணம்.

குறிதவறாதவன்:
இதே கேள்வி இங்கே இருபது முறை வந்துவிட்டது, தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. பெட்டிங் என்பது வடைக்கு மாவு கரைக்கிற வேலை இல்லை தம்பி. ரைஃபிளை ஆசாரியிடம் கொடுத்துவிட்டு வராதே. பழுது பார்க்கவே உரிமம் வேண்டும், 1959 ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவு. படி.

புதுசு22:
மன்னிக்கணும். ஆன்ஷூட்ஸ் 1913, வால்நட் கட்டை, செகண்ட் ஹேண்ட். 50 மீட்டர். பத்து குண்டு 40 மி.மீ. வருகிறது.

அடையாறுஈரம்:
இலக்கின் நடுவே இருக்கும் பத்தாம் வளையமே 10.4 மி.மீ.தானே, பாவம். மழைக்காலத்தில் மரம் ஊதும் சார். எங்கள் வீட்டு பாத்ரூம் கதவு ஐப்பசி வந்தால் தை வரைக்கும் மூடாது. கட்டைக்கு மட்டும் வேறு விதியா?

லேத்மணி:
ஐந்து நிமிட அரால்டைட் வேண்டவே வேண்டாம். சென்னை வெயிலில் கலக்கி முடிப்பதற்குள் இறுகிவிடும். மெதுவாகக் காய்கிற வகையை எடு. அதற்கு முன்னால் ஆக்‌ஷனில் அரால்டைட் ஒட்டாமல் இருக்க ஷூ பாலிஷை இரண்டு கோட் தேய்த்து, திருகு ஓட்டை, டிரிக்கர் பள்ளம் எல்லாவற்றையும் களிமண்ணால் அடைக்கணும். ஒரு மூலையை விட்டாலும் அரால்டைட் ரெசின் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். 2014ல் நான் அப்படி ஒட்டிக்கொண்டு, ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டி எடுத்தேன். ஃப்ரீசரில் இருந்த மீனுக்கு வீட்டில் வாங்கிய திட்டு தனிக்கதை.

குறிதவறாதவன்:
ஷூ பாலிஷா! மெழுகுதான் சரி. பாலிஷ் கரைந்து ரெசினோடு கலந்துவிடும்.

லேத்மணி:
ஆறு ரைஃபிள் செய்திருக்கிறேன், ஒன்றிலும் கலக்கவில்லை. நீங்கள் எத்தனை செய்தீர்கள்?

குறிதவறாதவன்:
எண்ணிக்கையா முக்கியம்?

அடையாறுஈரம்:
கார் பாலிஷ் போட்டவர்கள் யாராவது உண்டா?

கிளப்அக்கா:
பாலிஷ் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, பெஞ்சில் வைத்துச் சுட்டாயா, படுத்துச் சுட்டாயா?

புதுசு22:
படுத்துதான் அக்கா. பெஞ்சில் 16 மி.மீ.தான் வருகிறது, அதனால் சொல்லவில்லை. படுத்தால் குண்டு இடப்பக்கம் ஓடுகிறது.

கிளப்அக்கா:
அதைத்தானே முதலில் சொல்லியிருக்கணும்! பெட்டிங் கெட்டுப்போயிருந்தால் பெஞ்சிலும் சிதறும். நீ ஸ்லிங்கை (கையில் மாட்டும் பட்டையை) இறுக்கிப் படுக்கும்போது கட்டையின் முன்பக்கம் இடது பக்கம் இழுபடும். அப்போது கட்டைப் பள்ளத்தின் வலப்பக்கச் சுவர் பேரலில் (குழலில்) முட்டி அதை இடப்பக்கம் தள்ளும். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டைக் கழற்றிவிட்டு, ஸ்லிங் மாட்டிப் படுத்துக்கொள். பேரலுக்கும் கட்டைக்கும் நடுவே யாரையாவது பத்து ரூபாய் நோட்டை விட்டு இழுக்கச் சொல். சும்மா வைத்து இழுத்தால் தெரியாது. சிக்குகிற இடத்தில் பென்சிலால் கோடு போடு. பைப் துண்டில் உப்புத்தாளைச் சுற்றி அங்கே மட்டும் தேய். தேய்த்த இடத்தில் எண்ணெய் பூச மறக்காதே, பூச்சு இல்லாத வெறும் மரம் ஈரத்தைக் குடிக்கும். ஆக்‌ஷன் திருகையும் ஒருமுறை டார்க் ரெஞ்ச் (முறுக்கு அளவு காட்டும் ஸ்பேனர்) வைத்துப் பார். கை பலத்தில் முறுக்கினால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவில் இருக்கும்.

குறிதவறாதவன்:
நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்.

லேத்மணி:
எங்கே சொன்னீர்கள்? மெழுகைப் பற்றித்தான் சொன்னீர்கள்.

அடையாறுஈரம்:
அப்படியென்றால் மரம் ஊதினது உண்மைதானே? ஊதித்தானே முட்டுகிறது?

புதுசு22:
நோட்டு வலப்பக்கம் சிக்கியது அக்கா. தேய்த்தாயிற்று. படுத்து 19 மி.மீ. அரால்டைட் பிரிக்கவே இல்லை. நன்றி, கிளம்புகிறேன்.

மயிலைப்பெரியவர்:
எல்லாம் சரி, எந்த லாட் தோட்டா என்று கடைசிவரை சொல்லவே இல்லையே?